எஸ்டேட் என்ற சொல்



நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்று சிறிது நேரம் பேசலாம் என்று எண்ணுகிறேன். ‘எஸ்டேட்’ என்பதே அந்தச் சொல். ஒரு திருமண வீட்டில் முன்பின் அறியாத இருவர் சந்தித்தால், ஊரையும் பெயரையும் கேட்பதற்கு முன்பே, “நீங்கள் எந்த எஸ்டேட்?” என்று கேட்டுக்கொள்கிறோம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் குடியேறி முப்பது நாற்பது ஆண்டுகள் ஆனவர்களும், தாம் பிறந்த எஸ்டேட்டின் பெயரைச் சொல்லித்தான் உறவு கண்டுபிடிக்கிறார்கள். இப்படி நம்மோடு ஒட்டிக்கொண்ட இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

“இதில் என்ன ஐயம்? எஸ்டேட் என்றால் தோட்டம்” என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் இங்கிலாந்திலே இந்தச் சொல் பிறந்து வளர்ந்தபோது அதற்கு மரமும் இல்லை, தோட்டமும் இல்லை. அந்தக் கதையை முதலில் கேளுங்கள்.

லத்தீன் மொழியில் ‘ஸ்தாரே’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. நிற்பது என்பது அதன் பொருள். அதிலிருந்து ‘ஸ்தாத்துஸ்’ என்ற சொல் பிறந்தது. ஒருவன் நிற்கும் விதம், அவனுடைய நிலை என்று அதற்குப் பொருள். நம் காதுக்குப் பழகிய ‘ஸ்தானம்’ என்ற வடசொல்லும் இதே வேரின் உறவுக்காரச் சொல்தான். லத்தீனும் வடமொழியும் ஒரே பழங்குடும்பத்து மொழிகள் அல்லவா? தமிழிலும் இதே எண்ணம் இருப்பதைப் பாருங்கள். நில் என்பது வினை. அதிலிருந்து நிலை, நிலைமை என்ற சொற்கள் வந்தன. “அவருடைய நிலை உயர்ந்துவிட்டது” என்று நாம் சொல்லும்போது, அவர் மேட்டில் ஏறி நிற்கிறார் என்றா பொருள்? ஊரில் அவருக்குள்ள மதிப்பு உயர்ந்துவிட்டது என்றுதானே பொருள்.

லத்தீன் சொல் பிரெஞ்சு மக்களின் வாய்க்குப் போனது. ‘ஸ்த’ என்று ஒரு சொல்லைத் தொடங்குவது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. ஆகவே முன்னால் ஓர் ‘எ’ சேர்த்து ‘எஸ்தாத்’ என்றார்கள். இதைக் கேட்டு நகைக்க வேண்டாம். நம் பாட்டிமார் ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்றும், ஸ்டேஷனை ‘இஸ்டேசன்’ என்றும் சொன்னது எதற்காக? அதே காரணத்திற்காகத்தான். பிரெஞ்சு மக்கள் செய்ததை நம் பாட்டிமாரும் செய்தார்கள். பிறகு பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்திற்குப் போய் ‘எஸ்டேட்’ ஆயிற்று. முன்னால் இருந்த ‘எ’ உதிர்ந்து, அதே சொல் ‘ஸ்டேட்’ என்றும் வழங்கியது. மாநிலத்தைக் குறிக்கும் ஸ்டேட்டும், அந்தஸ்தைக் குறிக்கும் ஸ்டேட்டசும், நம் எஸ்டேட்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆகவே எஸ்டேட் என்ற சொல்லின் முதற்பொருள் ஒரு மனிதனின் நிலை என்பதே. பழைய ஐரோப்பாவில் மக்களைப் பிறப்பாலும் தொழிலாலும் பிரித்து வைத்திருந்தார்கள். பிரான்சு நாட்டில் சமயகுருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாம் எஸ்டேட், உழைக்கும் மக்கள் உள்ளிட்ட மற்ற எல்லாரும் மூன்றாம் எஸ்டேட். முதல் இரண்டு வகுப்பாரும் பல வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருக்க, பெரும்பாரத்தை மூன்றாம் வகுப்பார் சுமந்தார்கள். 1789ஆம் ஆண்டு அந்த மூன்றாம் எஸ்டேட் நிமிர்ந்து நின்று, நாங்களே நாட்டின் மக்கள் என்றது. பிரெஞ்சுப் புரட்சி அப்படித் தொடங்கியது. இன்றும் பத்திரிகைகளை நான்காம் எஸ்டேட் என்று சொல்லும் வழக்கம் அந்தப் பழைய பிரிவினையிலிருந்து வந்ததுதான்.

சரி, நிலையைக் குறித்த சொல் நிலத்தைக் குறிக்க வந்தது எப்படி?

1066ஆம் ஆண்டு நார்மன் வில்லியம் இங்கிலாந்தை வென்று அரசனானான். நாட்டிலுள்ள நிலமெல்லாம் அரசனைச் சார்ந்தது, மற்றவர்கள் அவனிடமிருந்து பெற்று அனுபவிக்கிறார்கள் என்ற முறை அதன்பின் அங்கே வேரூன்றியது. ஆகவே சட்டத்தில் ஒருவரைப் பார்த்து “இது உன் நிலம்” என்று சொல்வதில்லை. “இந்த நிலத்தில் உனக்குள்ள நிலை என்ன?” என்று கேட்பார்கள். சாகும்வரை மட்டும் அனுபவிக்கலாம் என்பது ஒரு நிலை. பிள்ளை, பேரன் என்று வழிவழியாக அனுபவிக்கலாம் என்பது அதனினும் உயர்ந்த நிலை. இந்த நிலைக்கே சட்டத்தில் எஸ்டேட் என்று பெயர். நாளாக ஆக, நிலத்தில் உள்ள உரிமையைக் குறித்த சொல் அந்த நிலத்தையே குறிக்கலாயிற்று. பெரிய நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் ஊரில் பெரிய மதிப்பு. ஆகவே மதிப்புக்கும் நிலத்துக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது.

அந்தச் சொல் பிறகு கப்பலேறியது. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பு எஸ்டேட் உண்டாயிற்று. இலங்கை மலைகளில் முதலில் காப்பி எஸ்டேட், பிறகு தேயிலை எஸ்டேட் வந்தது. மலாயாவில் அது ரப்பர் எஸ்டேட் ஆனது. தமிழ்நாட்டிலும் ஆங்கிலேயர் இச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். அங்கே அவர்கள் எஸ்டேட் என்றது ஜமீனை. சென்னை மாகாணத்தில் 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் வந்தது. ஜமீன்களை ஒழிக்க 1948இல் வந்த சட்டத்தின் பெயரிலும் எஸ்டேட் என்ற சொல் இருந்தது. எண்ணிப் பாருங்கள். திருச்சி, தஞ்சை, சேலம், வடாற்காடு என்று பல பக்கங்களிலிருந்தும் நம் முன்னோர் கப்பலேறினார்கள். அவர்களுள் ஜமீன் நிலத்தில் உழுதவர்கள், ஒரு எஸ்டேட்டை விட்டு இன்னொரு எஸ்டேட்டுக்கு வந்தார்கள் என்றே சொல்லலாம். இரண்டிலும் நிலம் வேறொருவருடையது.

இங்கேதான் இந்தச் சொல்லின் இரண்டு பொருள்களும் மோதிக்கொள்கின்றன. எஸ்டேட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதில் என்ன நிலை இருந்தது? விடியற்காலையில் பிரட்டுக்குப் போய், பால் மரம் வெட்டி, வாளி தூக்கி, ஸ்டோரில் பால் நிறுத்து வாழ்ந்தவர்கள் குடியிருந்த லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை நின்றால் வீடும் நின்றது. பழைய ஆங்கிலச் சட்டம் சொன்ன ‘சாகும்வரை அனுபவிக்கலாம்’ என்ற உரிமைகூட அந்த வீட்டில் இல்லை. பிள்ளை பிறந்த வீடு, பெற்றோரை வழியனுப்பிய வீடு, வாசலில் முருங்கையும் வாழையும் வைத்த வீடு. ஆனால் தாளில் பெயர் இல்லாத வீடு.

மதிப்பு என்ற பொருளிலும் நிலை தாழ்ந்தே இருந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிள்ளான் இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினார். சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளுள் ஒன்று இன்றைய இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கும். துரையும் கிராணியும் எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் போக எங்களை விடவேண்டும் என்பதே அது.

சைக்கிளை விட்டு இறங்குவதால் கூலி குறைந்துவிடுமா? இல்லை. வயிறு காய்ந்துவிடுமா? அதுவும் இல்லை. ஆயினும் காசு சம்பந்தப்பட்ட கோரிக்கைகளுக்கு நடுவே அதையும் எழுதினார்கள். காரணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மனிதன் எப்படி நிற்கிறான் என்பதே அவனுடைய நிலை. எஸ்டேட் என்ற லத்தீன் வேர் அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரியாது. ஆனால் அதன் உண்மைப் பொருளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கிள்ளானுக்கு நாம் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1954ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கூலிக்கும் வேலை நிலைமைக்கும் பேச ஒரு குரல் கிடைத்தது. ஆனால் நிலம்? அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் எஸ்டேட்டுகளை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். ஒரு பெரிய தோட்டம் பல சிறு துண்டுகளானபோது, அங்கே இருந்த தொழிலாளருக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. பொருளியல் அறிஞர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து எழுதினார்.

அந்த நெருக்கடியில்தான் துன் வீ. தி. சம்பந்தன் ஒரு வழி சொன்னார். தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்றால் தொழிலாளர்களே அதை ஏன் வாங்கக்கூடாது? தனி ஒருவரால் முடியாது; எல்லாரும் சேர்ந்தால் முடியும். 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களிடம் பேசினார். பால் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகப் பணம் கட்டின. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அதன்பின் வேறு தோட்டங்களும் வந்து சேர்ந்தன. எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கு எஸ்டேட்டில் பங்கு என்ற நிலை அப்போது வந்தது. பிரிக்பீல்ட்சில் துன் சம்பந்தன் சாலையில் நடக்கும்போது, அந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆயினும் எல்லாத் தோட்டங்களுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் நகரம் வளர வளர, ரப்பர் மரங்கள் விழுந்தன. சீபீல்டு எஸ்டேட் இருந்த இடத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. எபிங்காம் எஸ்டேட் பண்டார் உத்தாமா ஆயிற்று. சுங்கை ரெங்கம் பக்கத்துத் தோட்ட நிலங்களில் ஷா ஆலம் நகரம் வந்தது. முதல் உலகப் போரில் போரிட்டுத் திரும்பிய ஆங்கிலேயப் படையினர் தொடங்கியதால் ‘பெரும்போர்’ என்றே பெயர் பெற்ற பிராங் புசார் எஸ்டேட், 1995க்குப் பின் புத்ராஜெயாவாக மாறியது. பழைய பால்வெட்டுக்காரர்களுக்கு ‘பி.பி. 86’ என்ற மரவகை நினைவிருக்கும். அந்த இரண்டு எழுத்துகளும் பிராங் புசாரைக் குறிப்பவையே. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள்.

இந்த இடத்தில் சொல் இன்னொரு வேடிக்கை செய்கிறது. வரிசையாக வீடுகள் கட்டிய குடியிருப்புப் பகுதிக்கும் ஆங்கிலத்தில் எஸ்டேட் என்றே பெயர். ஹவுசிங் எஸ்டேட் என்பார்கள். மலாய் மொழியில் அதைத் தாமான் என்கிறோம். தாமான் என்றால் பூந்தோட்டம். ஆகவே எஸ்டேட்டை விட்டு வெளியேறியவர் எஸ்டேட்டுக்கே வந்து சேர்ந்தார். தோட்டத்தை விட்டவர் தோட்டத்திலேயே குடியேறினார்! ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பழைய எஸ்டேட்டில் வீடு நிர்வாகத்தினுடையது. புதிய எஸ்டேட்டில் விலை கட்டி வாங்கிய வீடு உங்களுடையது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நிலத்துக்கு உரியவர். நாம் ‘கிராண்ட்’ என்று சொல்லும் அந்தத் தாளில் உள்ள பெயரே நம் நிலை. ஆகவே தவணை கட்டி முடித்ததும் கிராண்ட் கைக்கு வந்துவிட்டதா, பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை.

நேயர்களே, எஸ்டேட்டுக்கு இன்னும் ஒரு பொருள் மீதம் இருக்கிறது. அதுதான் நம் குடும்பங்களுக்கு இன்று மிகவும் தேவையான பொருள். இப்படி நினைத்துப் பாருங்கள். குடும்பத் தலைவர் காலமாகிவிட்டார். சில மாதங்கள் கழித்து அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம் வருகிறது. மகள் படித்துவிட்டு, “அம்மா, அப்பாவின் எஸ்டேட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்” என்கிறாள். “உன் அப்பா எஸ்டேட்டில் வேலை செய்தாரே தவிர, எஸ்டேட் எங்கே வைத்திருந்தார்?” என்று தாய் கேட்கிறார். தாய் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் ஓர் எஸ்டேட் வைத்திருந்தார். இறந்தவர் விட்டுச் சென்ற உடைமை முழுவதற்கும், வீடு, நிலம், வங்கிப் பணம், கூட்டுறவுச் சங்கப் பங்கு, மோட்டார் சைக்கிள், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் சேர்த்து எஸ்டேட் என்றே பெயர். கடன் இருந்தால் அதையும் அதிலிருந்தே முதலில் தீர்க்க வேண்டும். மலாய் மொழியில் இதை ‘ஹர்த்தா பூசாக்கா’ என்பார்கள். அதில் உள்ள ஹர்த்தா என்பது நம் ‘அர்த்தம்’ என்ற சொல்லுக்கு உறவு. சொல்லின் கருத்துக்கும் செல்வத்துக்கும் தமிழில் ‘பொருள்’ என்று ஒரே சொல் இருப்பது போலத்தான் இதுவும்.

இந்த எஸ்டேட் நம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டுமானால் சில காரியங்களை உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். முதலாவது, திருமணப் பதிவு. 1982ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் தொடங்கி, முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால், கணவர் காலமான பின் மனைவி தன் உரிமையை நாட்டத் தவிக்க நேரும். இரண்டாவது, ஊழியர் சேமநிதி வாரியத்தில் பின்னுரிமையாளர் பெயரை எழுதிவைப்பது. இளம் வயதில் தாயின் பெயரை எழுதியவர்கள், இப்போது அது யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, உயில். 18 வயது நிறைந்தவர் எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் ஒன்றாக இருக்கும்போது கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறப்போகிறவரும் அவருடைய கணவரோ மனைவியோ சாட்சியாக நிற்கக்கூடாது. நின்றால் அவருக்கு எழுதியது செல்லாது.

உயில் இல்லையென்றால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பங்கு பிரிக்கும். முஸ்லிம் அல்லாத ஒருவர் மனைவியையும் பிள்ளைகளையும் மட்டும் விட்டுச் சென்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அவருடைய பெற்றோரும் உயிரோடு இருந்தால், மனைவிக்குக் காற்பங்கு, பெற்றோருக்குக் காற்பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு கிடையாது. மணமாகிப் போன மகளுக்கும் சமபங்கு உண்டு.

வீடு, நிலம் உள்ள எஸ்டேட் என்றால், பலர் வழக்கறிஞர் செலவுக்கு அஞ்சி அப்படியே விட்டுவிடுகிறார்கள். தாத்தாவின் பெயரிலேயே கிராண்ட் கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் பெருகிப் பங்காளிகளும் பெருகுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டிலிருந்தே சிறு எஸ்டேட் பங்கீட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உயில் இல்லாத, மதிப்பு வரம்புக்கு உட்பட்ட சொத்துக்கு நீதிமன்றம் போகாமல், நிலம் உள்ள மாவட்டத்திலேயே விண்ணப்பம் செய்யலாம். 2024 ஜூலை 15 முதல் இந்த வரம்பு 20 இலட்சம் வெள்ளியிலிருந்து 50 இலட்சம் வெள்ளியாக உயர்ந்தது. தொழிலாளர் குடும்பத்து வீடு எதுவும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். மரணச் சான்றிதழ், திருமணப் பதிவுத்தாள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராண்ட் நகல் ஆகியவற்றை ஒரு பெட்டியில் ஒன்றாக வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

நம் முன்னோர் நூறு ஆண்டுகளுக்கு மேல் எஸ்டேட் என்ற சொல்லின் நடுவே வாழ்ந்தும், அந்தச் சொல் தரக்கூடிய இரண்டையும், அதாவது உடைமையையும் மதிப்பையும், அரிதாகவே பெற்றார்கள். சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றவர்கள் மதிப்பைக் கேட்டார்கள். சிறுகச் சிறுகப் பணம் கட்டியவர்கள் உடைமையைக் கேட்டார்கள். வீட்டுக் கிராண்டில் தன் பெயரையும், சேமநிதித் தாளில் தன் மனைவி பெயரையும் சரிபார்க்கும் ஒருவர், அவர்கள் தொடங்கிய வேலையைத்தான் தொடர்கிறார். இந்த வாரம் ஒரு மாலைப்பொழுது குடும்பத்தோடு உட்கார்ந்து, உங்கள் வீட்டுத் தாள்களை எடுத்துப் பாருங்கள். இல்லாதவற்றைக் குறித்து வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையின் கையில் அந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள்.